பொம்மை செய்த தப்பு

4.3.2024, திங்கள்

குழந்தைகள் வார்டில் இன்று புதிதாக ஒருத்தி. ரூபினி, ஐந்து வயது, பாடாங் செராய்ப் பக்கத்து எஸ்டேட். சிறுநீரகக் கோளாறு, முகம் வீங்கிக் கண்கள் கோடுகளாகிவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் எடுத்தாக வேண்டும். மூன்று பேர் பிடித்தார்கள். "இனிமே செய்யமாட்டேன் மிஸ்ஸி! இனிமே செய்யமாட்டேன்!" என்று தாதியைப் பார்த்து அலறினாள். வலியில் குழந்தைகள் எதையாவது சொல்லத்தான் செய்யும்.

நான் விளையாட்டுப் பெட்டியோடு மூலையில் நின்றேன். முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்ந்தபின், இரண்டு நாள் பயிற்சி பெற்று, விளையாட்டால் அச்சம் தணிக்க வந்த தொண்டர். தணிந்தது எதுவுமில்லை.

6.3, புதன்

துணிப்பொம்மை, ஊசியில்லாத நிஜ சிரிஞ்சு, பிளாஸ்டர். குழந்தை தானே டாக்டராக விளையாட வேண்டுமாம். ரூபினி பெட்டியைக் காலால் தள்ளினாள்.

"போங்க பாட்டி."

"டீச்சர்னு சொல்லு."

வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. ரத்தம் எடுக்கும்போது, "நல்ல பிள்ளை அழமாட்டா" என்று சொல்லிவைத்தேன். முன்னிலும் உரக்கக் கத்தினாள்.

7.3

போகவில்லை. போய் என்ன ஆகப்போகிறது?

10.3, ஞாயிறு

இன்று ரத்தம் எடுத்த பிறகு, தானாகவே பொம்மையைக் கேட்டாள். அதன் கையில் சிரிஞ்சை அழுத்தினாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"சோறு கொட்டுனியா? அம்மாகிட்ட பொய் சொன்னியா? அதான் மிஸ்ஸி ஊசி போடுறாங்க. அழுதே, இன்னொண்ணு!"

தண்டனை! ஆறு நாளாக அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். போதாக்குறைக்கு, நல்ல பிள்ளை என்று நான் வேறு — முட்டாள்.

மாலையில் தாய் உமாராணி குருண் தொழிற்சாலைச் சீருடையோடு வந்தாள். சொன்னேன்.

"சாப்பிடலன்னா மிஸ்ஸிகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்னு மிரட்டுவேன், டீச்சர். எல்லாரும் சொல்றதுதானே? இப்ப என்னா செய்யறது?"

தெரியவில்லை என்றேன். பட்டதாரி.

12.3, செவ்வாய்

"அம்மா சும்மா சொன்னேன்லா கண்ணு" என்று உமாராணி கெஞ்சியும் அவள் நம்பவில்லை. ஊசியின்போது அதே அலறல், அதே மன்னிப்பு.

பிற்பகலில் சிரிஞ்சோடு வந்து என் கையைக் கேட்டாள். கொடுத்தேன்.

"டீச்சர் என்னா தப்பு பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. எனக்குச் சர்க்கரை. அதுக்கு ரத்தம் எடுப்பாங்க."

"தப்பு பண்ணாமயே போடுவாங்களா?"

"போடுவாங்க."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

சிரிஞ்சை என் கையில் அழுத்தினாள். பிறகு பிளாஸ்டரைக் கோணலாக ஒட்டிவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்தும் நான் அதைப் பிரிக்கவில்லை. பிரித்தால் தோல் உரியும், வேறு காரணமில்லை.

14.3, வியாழன்

சிறுநீரில் ரத்தம் கலக்கிறது. அடுத்த வாரம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். முதுகில் ஊசி செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பார்களாம். அதற்கு என் பெட்டியில் ஒன்றுமில்லை.

இன்றும் ரத்தம் எடுத்தார்கள். மூன்று பேர் பிடித்தார்கள். உதைத்தாள், என் மூக்குக்கண்ணாடி பறந்தது. "வலிக்குது! வலிக்குது!" என்று வார்டே அதிரக் கத்தினாள்.

மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.