ஏணி மேல் பட்டாணி

ஜூன் 3, செவ்வாய்

விடுமுறை முடிந்துவிட்டது என்று எனக்கு முதலில் சொல்வது நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறைதான். இன்று வந்தவை எல்லாம் பிஞ்சு மணிக்கட்டுகள். எப்படி விழுந்தாய் என்று கேட்டால் ஊஞ்சல், சறுக்கு மரம். ஒருவன் மட்டும் "சும்மாதான் ஓடுனேன்" என்றான். சும்மா ஓடினால்கூடவா?

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, "அசையாம இரு கண்ணு" என்கிறேன். வீட்டுக்கு வந்து என் மகள் பட்டாணியிடமும் அதையேதான் சொல்கிறேன்.

மாலையில் அவளுடைய பாலர் பள்ளி டீச்சர் என்னை நிறுத்திப் பேசினார். "நாலு வயசு முடிஞ்சிருச்சு. ஒரு படியிலேருந்துகூட குதிக்க மாட்டேங்குறா. எல்லாரும் விளையாடும்போது சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்குறா. கூப்பிட்டா 'விழுந்துடுவேன்'னு சொல்றா."

டாக்டரிடம் காட்டியாயிற்று. உடம்பில் ஒரு குறையும் இல்லையாம். அப்புறம் ஏன்?

என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே சனிக்கிழமை விளையாட்டு வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

ஜூன் 7, சனி

பெரிய கூடம். தரை முழுக்க மெத்தைகள், சுவரோடு பொருத்திய கம்பி ஏணி. அந்த ஏணியைப் பார்த்ததுமே பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விளையாட்டு மிஸ் சின்னப் பெண். எடுத்த எடுப்பிலேயே, "முதல்ல விழறதுதான் பாடம். எல்லாரும் என்னை மாதிரியே விழுங்க பாப்போம்!" என்று மோவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு பந்தாக உருண்டாள். பிள்ளைகளும் பொத்துப் பொத்தென்று விழுந்து சிரித்தார்கள். காசு வாங்கிக்கொண்டு விழக் கற்றுத்தரும் ஊரை இன்றுதான் பார்க்கிறேன்.

பெற்றோர்களுக்கும் ஒரு சட்டம். பெஞ்சில் உட்காரலாம், ஆனால் "பாத்து, பாத்து" என்று கத்தக் கூடாது. "நீங்க கத்துனா கொழந்தை காலடியைப் பாக்காது, உங்க முகத்தைத்தான் பாக்கும்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. இருந்தும் பட்டாணி மெத்தையின் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11, புதன்

முழங்கை உடைந்த பையனின் அம்மா, "ஒரு நிமிஷம் திரும்புனேன் மேடம், ஒரே நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் திரும்ப மாட்டேன்.

ஜூன் 21, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. பட்டாணி உருண்டாள்! எழுந்து, தலைமுடியெல்லாம் கலைந்து, சிரித்தாள். அப்புறம் ஏணி. மற்ற பிள்ளைகள் குரங்குக் குட்டிகளாக ஏறினார்கள். இவள் அடியில் நின்று உதட்டைப் பிதுக்கினாள். ஒரு வாண்டு, "உனக்கு வராதே!" என்றது. என்னால் தாங்க முடியவில்லை. மிஸ் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். நான் ஓடிப் போய்ப் பட்டாணியைத் தூக்கி ஏணியின் உச்சியில் வைத்துவிட்டேன். ஒருமுறை மேலே போய்விட்டால் பயம் தெளியும் என்று — என்ன புத்தியோ!

அவள் கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அலறிய அலறல் இருக்கிறதே. கம்பியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. நான் தொட்டால் இன்னும் அலறினாள். மிஸ்தான் ஏறிப் போய், விரல் விரலாகப் பிரித்து இறக்கினாள்.

"தூக்கி வெச்ச கொழந்தைக்கு இறங்குற வழி தெரியாதுங்க. தானா ஏறுனாத்தான் தானா இறங்க வரும்" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சாப்பிடும்போது பட்டாணி சொன்னாள்: "அம்மா, உன் மூஞ்சி பயமா இருந்துச்சு. அதான் அழுதேன்."

ஜூன் 22, ஞாயிறு

கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான்.

ஜூன் 28, சனி

என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள் மிஸ். செருப்புகளுக்குக் காவல். உள்ளே ஒவ்வொரு 'பொத்'துக்கும் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தேன். அது எந்தப் பிள்ளை? சத்தமே இல்லாவிட்டால் அது இன்னும் மோசம்.

ஜூலை 5, சனி

என்னால் ஆகாது. இனி சனிக்கிழமைகளில் டூட்டி கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறேன். அவர் கூட்டிப் போகட்டும்.

ஜூலை 12, சனி

இன்று எக்ஸ்ரே அறைக் கதவைத் திறந்தால் அவர். தோளில் பட்டாணி. அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

ஏணி. ஏணி. ஏணி. தலைக்குள் அது ஒன்றுதான் ஓடியது. "நான் அப்பவே சொன்னேன்ல! சொன்னேன்ல!" என்று கத்திவிட்டேன், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க. பட்டாணிதான், "அம்மா கத்தாத. படம் எடு" என்றாள்.

எடுத்தேன். தட்டில் அந்தக் கையை நேராக வைத்து, பிறகு பக்கவாட்டில் திருப்பி. "அசையாம இரு கண்ணு" என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே அசையாமல் இருந்தாள்.

திரையில் எலும்பு இரண்டாக முறியவில்லை. ஓரத்தில் லேசாகப் புடைத்திருந்தது, அவ்வளவுதான். சின்னக் கட்டு போட்டால் கூடிவிடும்.

"ஏணியிலேருந்தா விழுந்த?"

"இல்லம்மா! ஏணியில நானே ஏறுனேன். உச்சிக்கு! நானே இறங்குனேன். உன்கிட்ட சொல்லணும்னு ஓடி வந்தேனா, வாசப்படி தடுக்கிடுச்சு."

ஏறிய சந்தோஷத்தில், முன்போல வெளியே நான் இருப்பேன் என்று நினைத்திருக்கிறாள்.

ஜூலை 14, திங்கள்

வகுப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். "எலும்பு ஜோசியரே" என்று வழக்கம்போலக் கேலி செய்வார் என்று பார்த்தால், இன்று செய்யவில்லை. "நீ பயப்படு. அது உன் சுபாவம். ஆனா சோத்தோட சேத்து அவளுக்கும் ஊட்டாத" என்றார்.



ஆகஸ்ட் 2, சனி

கட்டுப் பிரித்தாயிற்று. பிரித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏணிக்கு எப்போ போலாம்?"

ஆகஸ்ட் 23, சனி

லீவு போட்டுவிட்டு நானே கூட்டிப் போனேன். என்னை உள்ளே விடச் சொல்லி மிஸ்ஸிடம் கெஞ்சினேன். "முகம் பத்திரம்" என்று சிரித்தாள். அதற்காகவே காலையிலிருந்து கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன். பல்லைக் காட்டாமல், புருவம் தூக்காமல், சாதாரணமாக.

பட்டாணி ஏறினாள். பாதியில் ஒரு கால் வழுக்கியது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், நகம் வலித்தது. என் முகம் எப்படி இருந்ததோ, எனக்கே தெரியாது. அவள் காலைத் தேடி வைத்தாள். ஏறினாள். உச்சிக் கம்பியைத் தட்டினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள்.

ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.