எங்க வூட்டுல என்றாயே

இன்றைக்குக் காலையில் ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்தபோது அந்தப் புளித்த மண் வாசனை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். பீங்கான் கம்பெனியில் உன் இடத்தில் இப்போது ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருக்கிறாள். பளபளப்புக்குக் கிளேஸ் கரைசலில் முக்கியெடுத்த பொம்மைகளின் அடியை ஒழுங்காகத் துடைப்பதில்லை. துடைக்காவிட்டால் சூளைக்குள் பலகையோடு ஒட்டிக்கொள்ளும் என்றால், “சரிங்கக்கா” என்று சிரிக்கிறாள். காரணமில்லாமல் சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. உன்னையும் முதலில் அதனால்தான் நம்பவில்லை.

நீ சேர்ந்த புதிதில் எனக்குத் தலைவலி என்றதும், “ஒனக்காக ஜெபம் பண்றேன்டி” என்றாய். ஆள் பிடிக்க வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். நீ கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றேன். சாப்பாட்டு நேரத்தில் கண்ணை மூடி, “சமாதானம் தாரும், சுகம் தாரும்” என்பாய். “என்னாடி, சாமிகிட்டயே அதிகாரமா கேக்குற?” என்றேன். “தாரும்னா மரியாதடி” என்று நீ சிரித்ததில் உன் எலுமிச்சைச் சோறு பாதி தரையில் சிந்தியது.

பிறகு கம்மாபுரம் பக்கம் எங்கள் நிலத்தையும் வீட்டையும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. எடுப்பார்களா மாட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் முட்டிக்கொண்டது. கொடுத்துவிட்டுப் போகலாம் என்றான் சின்னவன். போனால் எங்கே போவது என்றார் இவர். ஒரு சாயங்காலம் வாய் முற்றி, இவர் தள்ளிவிட, சின்னவன் வாசற்படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. வண்டியிலிருந்து விழுந்தான் என்று ஊருக்குச் சொன்னோம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கூடப்பிறந்தவன் கையையே உடைத்தவர் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ அழுதாய். அழுதுவிட்டு, “வெள்ளிக்கெழம ஜெபக் குறிப்பா வக்கிறேன்டி” என்றாய். ஜெபக் குறிப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வாராவாரம் ஒருத்தி வீட்டில் கூடுவீர்கள், ஆளாளுக்குத் தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்வீர்கள், எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பீர்கள்.

“அடிப்பாவி, ஊரக் கூட்டிச் சொல்லப்போறியா?”

“ஒம் பேரு வராதுடி.”

“சத்தியம் பண்ணு.”

“நாங்க சத்தியம் பண்ணக் கூடாதுடி, வேதத்துல இருக்கு. நம்பு.”

சத்தியம் பண்ணாதவளை எப்படி நம்புவது? அதற்குப் பிறகு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் உன் சபைப் பெண்கள் யாராவது என்னைப் பார்த்துத் தலையாட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பெண்ணாடத்திலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லாதபோது உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனாலும் மத்தியானம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவதற்காகக் காத்திருப்பேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் என் நெஞ்சு படபடக்காமல் இருக்கும். “நாளைக்கு வர்றத அவரு பாத்துக்குவாரு. நீ இன்னிக்குச் சோத்தத் தின்னு” என்பாய். நானும் தின்பேன்.

காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன் வீட்டில் நடந்த ஆறுதல் ஜெபத்துக்கு நான் வந்திருந்தேன். உனக்காகப் பாதி, அந்தப் பெண்கள் என்னைப் பார்த்து என்ன முகம் காட்டுகிறார்கள் என்று பார்க்கப் பாதி. யாரும் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஜெபம் முடிந்து உன் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்தார். உங்கள் கூட்டத்தில் மூத்த அம்மா இருக்கிறாரே, அவர் டம்ளரை வாங்காமல் உன் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தார்.

“இனிமேலாச்சும் ஒங்க தம்பிகிட்ட சமாதானமாப் போங்க. அதுக்காக அந்தப் பொண்ணு அழுவாத வெள்ளிக்கெழம இல்ல. அவருக்குக் கை கூடிடுச்சா?”

“யாருக்குங்க கை?”

“ஒங்க தம்பிக்குத்தான். நீங்க தள்ளிவுட்டு ஒடஞ்சிதே.”

“எனக்கு ஏதும்மா தம்பி? நான் ஒத்தப் புள்ளைங்க.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பெயர் வராது என்றாய், சரி. அதற்காக இப்படியா? “எங்க வூட்டுல அண்ணன் தம்பி சண்ட, எங்க வூட்டு எடம் போயிடும் போலருக்குது” என்று வாரந்தோறும் சொல்லி அழுதிருக்கிறாய். பூனையைக்கூட அதட்டத் தெரியாத மனுஷன் அத்தனை பேர் கண்ணுக்கும் முரடனாகத் தெரிந்திருக்கிறார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மகளுக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. அங்கிருந்தவர்களில் யார் யாருக்குச் சொந்தம், எது எந்த ஊருக்குப் போய்ச் சேரும் என்று மனசு ஓடியது. ஆனால் உன் வீட்டுக்காரர் நீட்டிய டம்ளர் அப்படியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

“கை ஒடஞ்சது எங்க வூட்டுலங்க” என்றேன்.

அந்த அம்மா டீயை வாங்கிக் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒம் பேரு என்னாம்மா?” என்றார். சொன்னேன். வீட்டுக்காரர் பெயரையும் கொழுந்தன் பெயரையும் சொன்னேன்.

அண்ணனும் தம்பியும் இன்னும் பேசவில்லை. நிலத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் காதில் என்ன விழுந்திருக்கிறதோ. எனக்கு இன்னும் யாரையும் நம்பத் தெரியவில்லை. சத்தியம் பண்ணக் கூடாது என்றவளே, ஜெபத்தில் பொய் சொல்லலாமா? அதை உன் ஆண்டவரிடம் எப்படிச் சமாளித்தாய்?

காலையில் உலை வைத்துவிட்டு நானும் கொஞ்சம் கண்ணை மூடுகிறேன். யாரும் சொல்லித் தரவில்லை, நீ பேசுகிற மாதிரியே பேசுகிறேன். “எங்க வூட்டுல ஒருத்தரு தனியா இருக்காரு. அவருக்கு ஆறுதல் தாரும்” என்று நேற்று உன் வீட்டுக்காரருக்காகக் கேட்டேன். பின்னால் என் வீட்டுக்காரர் நின்றதைக் கவனிக்கவில்லை. தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நான் திருத்தவில்லை.