மஞ்சள் சிவந்த தேதி

மல்லசமுத்திரம்,
தை 22.

அன்பு மகள் நர்மதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி கவினும் செங்கோட்டுவேலவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அந்த பின்லாந்துக் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய்ச் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் வேண்டுதல். நம் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கி முடிந்தது, மாவு நன்றாக இருக்கிறது என்று ஜவ்வரிசி மில்காரர் சொன்னதில் இருந்து உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கிழங்கு போக மிஞ்சிய குச்சிகளை வழக்கம் போல வரப்போரம் குவித்துக் கொளுத்தக் கிளம்பினார். ஏனுங்க, நம்ம புள்ள இதுல இருந்துதானுங்க நூல் எடுக்கறா என்றேன். ஆமா, அவ அங்க பனிக்குள்ள உக்காந்து எடுக்கறா, இத்தனையும் ஏரோப்ளேன்ல ஏத்தி உடறயாக்கும் என்று என்னைக் கிண்டல் செய்தார். ஆனால் கொளுத்தவில்லை, மாட்டுக் கட்டுத்தரை ஓரம் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார், கேட்டால் அடுப்பெரிக்க ஆகும் என்கிறார், நம் வீட்டில் விறகடுப்பு எரித்துப் பத்து வருஷம் ஆகிறது. கவினுக்குச் சங்ககிரி லாரி ஆபீசில் வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆனாலும் காலையில் எழுப்ப நான்தான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது.

முந்தாநாள் கவின் உன் போனுக்கு ஒரு படம் அனுப்பினான் அல்லவா, நீ நெய்து அனுப்பிய துணியின் மூலையில் மஞ்சள் சிவந்து கிடக்கும் படம். பக்கத்து வீட்டு ராசம்மாள் அக்கா சொன்னதையும் கூடவே அனுப்பினான். நீ உடனே கூப்பிட்டு, இதை எப்பப் பார்த்தீங்கம்மா என்று கேட்டாய். இப்பத்தான் சாமி என்றேன். அது பொய். போனில் அதைத் திருத்திச் சொல்ல என்னால் ஆகவில்லை, அதனால்தான் துணியை உனக்குத் திருப்பி அனுப்பும் கவருக்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

உன் கைக்குட்டை அளவுத் துணி வந்தது தை ஏழாம் தேதி. நாங்கள் இங்கிருந்து அனுப்பிய நம் காட்டுக் குச்சியைக் கூழாக்கி எடுத்த நூலில் நெய்த முதல் துணி என்று எழுதியிருந்தாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புதுத்துணி வீட்டுக்கு வந்தால் மஞ்சள் வைக்காமல் எடுத்து வைப்போமா? வெறும் சோதனைத் துணிதானே என்று எனக்குத் தோன்றவே இல்லை, குழைத்த மஞ்சளை ஒரு மூலையில் தொட்டு வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினால் மஞ்சள் ரத்தமாகச் சிவந்திருக்கிறது. ஐயோ சாமி, இதென்ன சகுனம் என்று பதறி மடித்துப் பீரோவுக்குள் போட்டேன். மனசு கேட்காமல் எட்டாம் தேதி காலையில் ராசம்மாள் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பள்ளிபாளையத்தில் துணி வெளுக்கும் பட்டறையில் இருபது வருஷம் வேலை செய்தவர் இல்லையா, பார்த்ததும் சிரித்துவிட்டார். சகுனமாவது ஒண்ணாவது, மஞ்சக்கறையில சோப்பு போட்டாச் செவக்குமல்ல, அதே கததான், சோடாக் காரம் துணியிலயே தங்கிக்கிச்சு, பத்தாத தண்ணியில அலசியிருக்காங்க, இதை இப்படியே உட்டா ஒரு மாசத்துல துணி மொடமொடன்னு ஆகி ஒடஞ்சு போயிரும் கண்ணு என்றார்.

நர்மதா, எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நூல் கொஞ்ச நாளில் ஒடிகிறது, காரணம் பிடிபடவில்லை, இந்த மாசக் கடைசிக்குள் காரணம் சொல்லாவிட்டால் படிப்புக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று நீ புலம்பியது எல்லாம் எனக்கு மனப்பாடம். தண்ணீரை வீணாக்காமல் மூன்றே அலசலில் முடிக்கிறோம் என்று நீ பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருந்தது. ராசம்மாள் அக்கா சொன்னது சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க உனக்குத்தான் தெரியும். ஆனால் சோதிக்க வேண்டிய இடம் அது என்று தெரிந்துகொண்டே பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மறதி இல்லை, பயமும் இல்லை. இது ஊத்திக்கொண்டால் நீ ஊருக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். மூணு வருஷம் ஆச்சு சாமி, உன்னை இந்தக் கையால் தொட்டு. பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது என்று நீ கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, முடியலீங்கம்மா, டிக்கெட் போடப் போறேன் என்றாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன், உனக்குப் பிடித்த அரிசியும் பருப்புஞ் சாதத்துக்குப் புதுப் பருப்பு வாங்க வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். அப்புறம் நீ, நா எதுக்கும் லாயக்கில்லீங்கம்மா என்று அழுதாய். சின்னப் பிள்ளையில் கிணற்று மேட்டில் விழுந்து பல் உடைந்தபோதுகூட நீ அப்படி அழவில்லை. தப்பு எங்கே என்று எனக்குத் தெரிகிறது, அது தெரியாமல் என் பிள்ளை தன்னையே குறை சொல்லி அழுகிறாள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை, மறுநாள் கவினைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னேன்.

துணியைத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டிருக்கிறேன், மூலையைத் தொட்டுப் பார், ஒடிய ஆரம்பித்திருக்கிறது. உன் சாரிடம் ராசம்மாள் அக்கா பேரையும் மறக்காமல் சொல். என் மேல் கோபம் இருந்தால் நன்றாகத் திட்டு, போன் பண்ணித் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வை. அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, நீ மன்னித்தாயானால் நானே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் உண்டு, நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும்.

டிக்கெட் போட்டிருந்தால் கேன்சல் பண்ணிவிடு சாமி. இந்த வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது.

இப்படிக்கு,
உன் அம்மா
சின்னாயி