ஸ்டோர்கீப்பர் கொடுத்த மடக்குக் கத்தி

மகாராணி,

சாப்பாடு மேடையில மூடி வெச்சிருக்கேன். நீ கிளம்பறப்ப சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுத்துட்டுப் போ. எழுப்பினா நேத்து விட்ட இடத்துலேர்ந்து சண்டை தொடங்கும், அதான் எழுப்பல.

உங்க ஆபீஸ் ஸ்டோர்கீப்பர் உன் பிறந்தநாளுக்குக் கொடுத்த மடக்குக் கத்தி ஃபிரிட்ஜ் மேல இருக்கு. "அவர் கை பட்டாலே சரியாயிடும், அவர்கிட்டயே கொடுக்கறேன்"னு சொன்னியே? வேண்டாம். நானே சரி பண்ணிட்டேன்.

கத்தி மேல ஒரு தப்பும் இல்ல. அவர் பேச்சைக் கேட்டு மடக்குற இடத்துல சமையல் எண்ணெய் விட்டே பாரு, அதுதான் பிசின் மாதிரி இறுகி, உன் கைப்பைத் தூசியெல்லாம் ஒட்டி, நறநறன்னு இருந்துச்சு. பெரிய நிபுணர்! திருகாணியைக் கழட்டி, சோப்புத் தண்ணி தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, ஈரம் போகத் துடைச்சு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். இப்ப தொட்டாலே திறக்குது. விரல் பத்திரம்.

எனக்கொண்ணும் வயித்தெரிச்சல் இல்ல.

பி.கு.: யார் சரி பண்ணினாங்கன்னு அவர் கேட்டா, "எங்க வீட்டுக்காரர்"னு சொல்லு.

கேக்கலன்னாலும் சொல்லு.