பூட்டி வைத்த பிழைப் பட்டியல்

மாமே,

இன்று பரணை ஒழித்தபோது பழைய ஃப்ளாப்பி டப்பா ஒன்று கையில் கிடைத்தது. மேலே உன் கோணல் கையெழுத்து. திறந்ததும் அதே பிளாஸ்டிக் வாசனை. நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் நண்பர்கள் நாம் இருவரும் நடத்திய கம்பெனி. நான் நிர்வாகம், நீ புரோகிராம். நம் மென்பொருளை வைத்துத் தொழிற்சாலைக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய புரோகிராம்களை எழுதிக்கொள்வார்கள். எழுதியதில் தவறு இருந்தால் திரையில் 'பிழை 47' என்று வெறும் எண் வரும். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்ற பட்டியல் என் மேசை டிராயரில், பூட்டுக்குள். தெரிய வேண்டுமென்றால் எனக்குப் போன் செய்தே ஆகவேண்டும். நம்மை விட்டு எங்கே போய்விடுவார்கள் என்ற இறுமாப்பு எனக்கு. பெரிய புத்திசாலி!

நீ கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் வரும் வழியில் அந்தத் தொழிற்சாலைகளில் நுழைந்து, எழுதுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாய். ஒருநாள் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து முகம் சிவந்து வந்தாய்.

"அங்க புரோகிராம் எழுதற பொண்ணு அழுவுது மாமே. மூணு நாளா நாப்பத்தேழுன்னே வருதாம். உன் போன் எங்கேஜாவே கீது. 'எனக்கு மூளை இல்ல சார்'னு சொல்லுது. தப்பு அதோடதா, நம்முளுதா?"

எண்ணுக்குப் பதில் புரிகிற மாதிரி இரண்டு வரி காட்ட ஒரு மாதம் கேட்டாய். "எழுதறவன் நொந்துட்டா அப்பால இத்த எவன் தொடுவான்?" என்றாய். புது வசதிகள்தான் முக்கியம், போய் வேலையைப் பார் என்றேன்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. போன் வருவது குறைந்தது. மென்பொருள் சீராகிவிட்டதென்று நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ தொடவில்லை. அதற்குள் பாதிப்பேர் வேறு மென்பொருளுக்குப் போயிருந்தார்கள். இரண்டே வருடத்தில் கடையைக் கட்டினோம். கடைசி நாளிலும் நீ ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்தியிருக்கலாம்.

நீ சொன்னதுதான் சரி என்று உன்னிடம் சொல்லாமலே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண் அதோடு கம்ப்யூட்டர் வேலையே வேண்டாமென்று போய்விட்டதாக ஒருமுறை சொன்னாய். 'தப்பு உன்னுடையது இல்லை அம்மா' என்று அவளிடமாவது சொல்லவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. அவள் பெயர் உனக்குத்தான் தெரியும். நான் அன்று கேட்கவே இல்லை.