மூன்று ஆண்டு முடிந்தும் உரிமத்தை விட்டுப் போகாத ‘மறியல்’

அனுப்புநர்:
வ. பாவாடை,
தமிழாசிரியர் (ஓய்வு),
தியாகதுருகம்,
கள்ளக்குறிச்சி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
தென்னாற்காடு மாவட்டம்,
கடலூர்.

பொருள்: ஜீப் ஓட்டுநர் ச. பிலவேந்திரன் – ஓட்டுநர் உரிமத்தில் 1987இல் எழுதப்பட்ட குற்றக் குறிப்பு – கெடு முடிந்தும் நீக்க மறுப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. “இந்தத் தப்பு எத்தினி நாளைக்கு சார் என் லைசென்சுல குந்திகினு இருக்கும்?” என்று பிலவேந்திரன் 1987 அக்டோபரில் என்னைக் கேட்டார். மூன்று ஆண்டு என்று பதில் சொன்னவன் நான். அந்தப் பதில் பொய்யாகிவிட்டதால் இம்மனுவை எழுதுகிறேன்.

2. அவர் வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஜீப் ஓட்டுபவர். மலையில் ஆசிரியராக இருந்த காலத்தில் சனிக்கிழமைதோறும் அவருடைய ஜீப்பில்தான் வீட்டுக்கு இறங்குவேன். 19.9.1987 அன்றும் அப்படித்தான் இறங்கினேன். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது, பேருந்துகள் ஓடவில்லை. பின்சீட்டில், வலி கண்டு இரண்டு நாளாகியும் பிரசவமாகாத ஒரு பெண் படுத்திருந்தார். மலையடிவாரத்தில் புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். மறியலில் இருந்தவர்கள் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்கள். “இன்னாய்யா பாத்துகினு நிக்கிறீங்க, ஆளுக்கொரு கை புடிங்க” என்று அவர்களில் ஒருவர் சத்தம் போட, அவர்களே மரத்தைப் புரட்டி வழி விட்டார்கள். அதைத் தாண்டிய வளைவில் காவலர் ஒருவர் கை காட்டினார். பிலவேந்திரன் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும்; அதை நானும் மறுக்கவில்லை.

3. வழக்கு வந்தது. நடந்ததை நீதிமன்றத்தில் சொல்லப்போவதாக அவர் நின்றார். சாட்சி சொல்ல நானும் தயாராக இருந்தேன். விவரம் கேட்க உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த அலுவலர் என்னை உட்காரவைத்து, “எதுக்கு வாத்தியாரே அலையறீங்க? ஒத்துக்கச் சொல்லுங்க. வேற தப்பு இல்லாம மூணு வருசம் ஓட்டினா புக்கு வெள்ளையாயிடும்” என்றார். மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்படியே இருப்பதாக ஒரு வழக்கறிஞர் காட்டினார். நான்தான் பிலவேந்திரனைச் சம்மதிக்கவைத்தேன். 2.11.1987 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். உரிமத்தில் குறிப்பு ஏறியது.

4. அந்த உரிமப் புத்தகம் மழையில் நனைந்து கிழிந்ததால் 1989இல் வேறு புத்தகம் கொடுத்தார்கள். பழைய குறிப்பைப் புதியதில் எடுத்தெழுதினார்கள். பழையதில் இருந்தது: ‘மறியலின்போது காவலர் சைகையை மீறியது.’ புதியதில் இருப்பது: ‘மறியலில் காவலர் சைகையை மீறியது.’ கட்டம் சிறியது, எழுத்தர் சுருக்கியிருக்கிறார். அதற்காக அவரைக் குறைகூற மாட்டேன். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியவன் நான். கை அலுக்கும்போது என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

5. சென்ற நவம்பரில் மூன்று ஆண்டு முடிந்தது. இடையில் அவர்மீது வேறு வழக்கு ஒன்றும் இல்லை. குறிப்பில்லாத உரிமம் கேட்டு இருவரும் போனோம். “வண்டி கேசுன்னா போயிடும் சார். இது மறியல் கேசு. அழியாது” என்றார் எழுத்தர். விடுபட்ட ‘போது’ என்ற சொல்லைக் காட்டினேன். “‘போது’ன்னாலும் ‘இல்’லுன்னாலும் ஒண்ணுதானே?” என்றார். தேர்தலின்போது பிறந்த குழந்தையைத் தேர்தலில் நின்ற குழந்தை என்று எழுதுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார், திருத்தவில்லை. பிறகு அதே அலுவலரிடம் போனேன். நாற்காலிகூட மாறவில்லை. “நான் அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லீங்களே” என்று சொல்லிவிட்டுக் கோப்பைப் புரட்டினார். இம்முறை என்னை உட்காரச் சொல்லவில்லை.

6. மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஜீப்புக்கு ஓட்டுநர் எடுக்கிறார்கள். 25.1.1991 அன்று நேர்காணல். மறியல் வழக்கு உள்ளவர்களை உள்ளேயே விடமாட்டார்கள். அடுத்த முறைக்குள் பிலவேந்திரன் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். அன்று பின்சீட்டில் இருந்த பெண் கள்ளக்குறிச்சியில் பெற்ற மகளுக்கு மூன்று வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது. குற்றத்துக்கு மட்டும் மூன்று வயது முடியவில்லை.

7. ஐயா, அவருடைய மனைவி உபகாரமேரி என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “போலீசுக்குப் பயந்து ஒத்துக்கல சார், ஒங்க பேச்சுக்குத்தான் ஒத்துக்கினாரு.” பிலவேந்திரன் அதுகூடச் சொல்வதில்லை. இப்போதும் என்னைக் கண்டால் ஜீப்பை நிறுத்துகிறார். முன்சீட்டைத் துடைத்துவிடுகிறார். அரசு அலுவலகத்தில் கேட்ட ஒரு வார்த்தையை நம்பி அவரை ஏமாற்றியவனாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.

8. எனவே, நேர்காணலுக்கு முன்பாகக் குறிப்பு நீக்கிய உரிமம் அவருக்குக் கிடைக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். கிழிந்த உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் எடுத்த ஜெராக்ஸ் நகலும், இப்போதைய உரிமத்தின் நகலும் இணைத்துள்ளேன். வேறு விசாரணை எதுவும் தேவைப்படாது. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து, அந்த ஒரு வரியைத் தாங்களே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வ. பாவாடை

இடம்: தியாகதுருகம்
நாள்: 7.1.1991