கரடிப்புடவு ரசீதில் உள்ள பெயர்

அனுப்புநர்
இ. சிவபாண்டி (வயது 52),
த/பெ. இருளாண்டி,
4/61, கிழக்குத் தெரு,
மேலப்புடவூர்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: கரடிப்புடவு மலையடிவாரம் – வாகனம் நிறுத்த இடப் பற்றாக்குறை – 19.01.2025 அன்று விதித்த அபராதத்தையும் செல்வி பு. எழில் என்பவர் மீது கொடுக்கப்பட்ட புகாரையும் ரத்து செய்யக் கோருதல் – எனது சாட்சி வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

பார்வை: அபராத ரசீது எண் 1147, நாள் 19.01.2025, நேரம் காலை 10.40.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. புகார் மனு என்றால் அடுத்தவர் மீது கொடுப்பதுதான் வழக்கம். இந்த மனுவிலும் வாகன நிறுத்தக் குத்தகைதாரர் மீது குறை சொல்லியிருக்கிறேன், இட வசதி செய்து தராதவர்கள் மீதும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதில் முதல் எதிரி நானே. மனு சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொண்டு கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

2. மேலப்புடவூருக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டரில் கரடிப்புடவு மலை இருக்கிறது. ஏறி இறங்க மூன்று மணி நேரம் ஆகும். உச்சியில் ஒரு சுனையும் முனியசாமி பீடமும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை ஆடி மாதம் தவிர மற்ற நாட்களில் ஆடு மேய்ப்பவர்கள் மட்டுமே ஏறினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் மேகம் வந்து பாறையில் உட்காருவதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் முந்நூறு வண்டிகள் வருகின்றன. ஊராட்சி மந்தைத் திடலில் நாற்பது வண்டிதான் நிற்கும். அதிலும் பாதி இடத்தைக் கரும்புச்சாறு வண்டிக்கும் பஜ்ஜிக் கடைக்கும் விட்டாகிவிட்டது. மற்ற வண்டிகள் ஒற்றைத் தார்ச்சாலையின் இரு பக்கமும் நிற்கின்றன. இடம் கேட்டால் இல்லை என்கிறோம், கிடைத்த இடத்தில் நிறுத்தினால் அபராதம் என்கிறோம். வந்தவர்கள் வண்டியைத் தலையில் சுமந்துகொண்டா மலை ஏறுவார்கள் என்று நானே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

3. என் சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. பட்டாசுக் கம்பெனிகளில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரு வெடி விபத்துக்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, மனைவி குருவம்மாளின் ஊரான மேலப்புடவூரில் குடியேறினேன். 2023-இல் வாகன நிறுத்தக் குத்தகை எடுத்தவர் என்னை மேற்பார்வையாளராக வைத்துக்கொண்டார். ஒரு தொப்பி, ஒரு விசில், சக்கரத்தில் மாட்டும் இரும்புப் பூட்டுகள் பன்னிரண்டு கொடுத்தார். விசில் ஊதினால் கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி 'சார்' என்றார்கள். அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் இருபது ரசீதாவது கிழித்திருக்க வேண்டும் என்பது குத்தகைதாரரின் வாய்மொழி உத்தரவு. நானும் தவறாமல் கிழித்து வந்தேன்.

4. 19.01.2025 பொங்கல் விடுமுறையின் கடைசி நாள். மறுநாள் பட்டாசுக் கம்பெனிகள் திறப்பதால் சிவகாசி, விஸ்வநத்தம், ஏழாயிரம்பண்ணை பகுதித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வேன் வேனாக வந்திருந்தார்கள். ஒன்பது மணிக்கே மந்தை நிறைந்துவிட்டது. ஒன்பதே முக்காலுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் செல்வி எழில், கும்பகோணத்துக்காரர். பக்கத்தில் இருந்தவர் அவருடைய தந்தை திரு. புகழேந்தி, அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அப்பாவுக்கு மூச்சிழுப்பு உண்டு, மலை ஏறப் போவதில்லை, அடிவாரத்து ஓடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம், கிட்டத்தில் ஒரு இடம் கொடுங்கள் என்று அந்தப் பெண் கேட்டார். எல்லாரும் இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்வது வழக்கம் என்பதால் நான் காது கொடுக்கவில்லை. விசிலை ஊதிப் பின்னால் எடுக்கச் சொன்னேன். அவர் முக்கால் கிலோமீட்டர் பின்னால் போய், ஆலமரத்தடியில், தார்ச்சாலையை விட்டு நன்றாக இறக்கி மண்ணில் நிறுத்தினார். மந்தையில் இடம் காலியானதும் வண்டியைக் கொண்டுவந்துவிடலாம் என்று பையை உள்ளேயே வைத்துவிட்டு, தந்தையை மெல்ல நடத்திக் கூட்டிப்போனார்.

5. 'வாகனம் நிறுத்தக் கூடாது' என்ற பலகை அந்த ஆலமரத்திலிருந்து இருநூறு அடி தள்ளி, மந்தைப் பக்கமாக இருக்கிறது. மரத்தடிக்கு அந்தத் தடை கிடையாது. இது எனக்குத் தெரியும். ஆனால் அன்று கூட்ட நெரிசலில் ஆறு ரசீதுதான் கிழித்திருந்தேன். காலை 10.40-க்கு அந்தக் காரின் முன்சக்கரத்தில் பூட்டை மாட்டினேன். வண்டி எண்ணைக் கைப்பேசியில் தட்டினால் உரிமையாளர் பெயர் வரும். புகழேந்தி என்று வந்தது. அந்தப் பெயரை ரசீதில் எழுதிக் கண்ணாடியில் செருகினேன்.

6. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண் செருப்பில்லாமல் ஓடிவந்தார். தூரத்திலேயே என்னைப் பார்த்துக் கத்தினார்: "வண்டில மருந்து இருக்குங்க, உடனே எடுக்கணும்."

என் காது நன்றாகத்தான் கேட்டது. தாங்கள் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்று எனக்குத் தெரியாததால் விளக்கிச் சொல்கிறேன். பட்டாசு வேலை பார்த்தவர்களுக்கு மருந்து என்றால் வெடிக்குள் அடைக்கும் மருந்துதான். மருந்து கலப்பது, மருந்து அடைப்பது, மருந்து காய வைப்பது என்று நாள் முழுக்க அதே பேச்சு. உடம்புக்கு வாங்குவதை மாத்திரை என்போம், டானிக் என்போம், ஊசி என்போம். நான் விபத்தில் தப்பியதும் அந்தச் சொல்லால்தான். கலவை அறையிலிருந்து, என்னோடு வேலை பார்த்த ஜெயபாண்டி "மருந்து" என்று ஒரே ஒரு முறை கத்தினார். நான் ஏன் என்று திரும்பிப் பார்க்காமல் ஓடினேன், பிழைத்தேன். கத்திய ஜெயபாண்டி பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்தால் என் கால் என்னைக் கேட்பதில்லை.

அதுவும் நான் அப்போதுதான் அந்தக் காரின் சக்கரத்தில் இரும்பை இரும்போடு உரசிப் பூட்டியிருந்தேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சாலைக்கு மறுபக்கம் இழுத்துப் போனேன். விசிலை ஊதி, வண்டியில் மருந்து, ஓடுங்கள் என்று சத்தம் போட்டேன்.

7. வேறு ஊர்க் கூட்டமாக இருந்தால் என்ன மருந்து, யாருக்கு மருந்து என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டாசு வேலை பார்ப்பவர்கள். ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பழகிய ஒழுங்கில், காட்டுப் பக்கமாக ஓடிக் குப்புறப் படுத்துவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் காரை நோக்கித் திமிறினார். அப்பா மருந்து, அப்பாவோட மருந்து என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் தந்தை வண்டியில் மருந்து ஏற்றி வந்திருக்கிறார் என்று நாங்கள் அதற்கும் பொருள் கொண்டோம். மோர் விற்றுக்கொண்டிருந்த என் மனைவி குருவம்மாள் அவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து உட்கார வைத்தாள். "உசுரு இருந்தா வண்டி எம்புட்டு வேணாலும் வாங்கிக்கிடலாம் தாயி" என்று அவர் தலையைத் தடவி ஆறுதல் சொன்னாள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். அந்த வார்த்தையை நினைத்து இன்றும் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

இருபத்தைந்து நிமிடம் இப்படிப் போனது. காவலர்கள் வந்து காரைத் திறந்தார்கள். பின் இருக்கையில் மஞ்சள் துணிப்பை ஒன்று இருந்தது. அதற்குள் மூச்சிழுப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துக் குப்பி ஒன்றும், இரண்டு பொட்டலம் புளியோதரையும், ஒரு துண்டும் இருந்தன. ஓடையருகே இருந்த யாரோ 108-க்குச் சொல்லியிருந்தார்கள். இரு பக்கமும் வண்டிகள் அடைத்து நின்றதால் ஆம்புலன்ஸ் ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. திரு. புகழேந்தியைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தோம். மருத்துவமனை போகும் வழியில் உயிர் போய்விட்டது.

8. அன்று மாலை குத்தகைதாரர் காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்தார். அபராதத்திலிருந்து தப்பிப்பதற்காக அந்தப் பெண் தன் காரில் வெடிமருந்து இருப்பதாகப் பொய் சொல்லிப் பொதுமக்களிடையே பீதி உண்டாக்கினார் என்பது புகார். அதற்குச் சாட்சியாக என்னிடம் கையெழுத்து வாங்கினார். படிக்காமல் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. நான் பத்தாவது படித்தவன், முழுவதும் படித்துப் பார்த்தேன். அந்தப் பெண் 'வெடி' என்ற சொல்லைச் சொல்லவே இல்லை என்பது கையெழுத்துப் போடும்போதே எனக்குத் தெரியும். என் தவறு வெளியே தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில் போட்டேன்.

9. அந்தப் புகார் விசாரணைக்காகச் செல்வி எழில் கும்பகோணத்திலிருந்து இதுவரை மூன்று முறை வந்து போயிருக்கிறார். அரசு வேலைக்குத் தேர்வாகி, காவல்துறைச் சரிபார்ப்புக்காகக் காத்திருப்பவர். இந்தப் புகார் நிலுவையில் இருப்பதால் அது நிற்கிறது. மூன்றாவது முறை வந்தபோது நானும் நிலையத்தில் இருந்தேன். என் முகத்தைப் பார்த்து ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. தன் வேலையைப் பற்றியும் பேசவில்லை. அபராதத்தைக் கட்டி முடித்த பிறகு, ரசீதை மேசைமேல் வைத்து, எழுத்தரிடம் இவ்வளவுதான் கேட்டார்: "அப்பா முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினாங்க. ஒரு தடவகூட அபராதம் கட்டினதில்ல. இதுல அவங்க பேர எடுத்துட்டு எம்பேரப் போட்டுத் தர முடியுமா?"

முடியாது, வண்டி உரிமையாளர் பெயர்தான் இருக்கும் என்று எழுத்தர் சொன்னார். அந்தப் பெண் ரசீதை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

10. அன்றே இந்த மனுவைக் கொடுக்க முடிவு செய்தேன். தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் போய் உட்கார்ந்து, வண்டியில் மருந்து இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னார் என ஆரம்பித்தேன். அவர் பேனாவை நிறுத்தி, எந்த மருந்து என்று கேட்டார். இத்தனைக்கும் அவர் சிவகாசிக்காரர். அந்த ஒரு கேள்வியை அன்று நான் கேட்டிருக்க வேண்டும். எழுந்து வந்துவிட்டேன். ஆகவே இதை நானே எழுதுகிறேன், பிழைகளை மன்னிக்கவும்.

11. எனது கோரிக்கைகள்:

(அ) 19.01.2025 அன்று நான் அளித்த வாக்குமூலம் உண்மைக்கு மாறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன். செல்வி எழில் மீதான புகாரை முடித்து, அவருடைய வேலைக்கு இடையூறு இல்லாமல் செய்ய வேண்டுகிறேன். பொய் வாக்குமூலம் அளித்ததற்கு என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுக்கலாம்.

(ஆ) ரசீது எண் 1147-ஐ ரத்து செய்ய வேண்டுகிறேன். ரத்து செய்ய விதியில் இடமில்லை என்றால், அதில் திரு. புகழேந்தி அவர்களின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுத உத்தரவிட வேண்டுகிறேன்.

(இ) மந்தையிலிருந்து கடைகளை அப்புறப்படுத்த வேண்டும். ஊருக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் தரிசுப் புறம்போக்கு சும்மா கிடக்கிறது. அதைச் சமப்படுத்தி வண்டி நிறுத்த விட்டு, அங்கிருந்து அடிவாரத்துக்கு ஒரு சிற்றுந்து ஓட்டினால் போதும். நடக்க முடியாதவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மந்தையில் ஐந்து இடமாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வழியை எக்காரணம் கொண்டும் அடைக்க விடக் கூடாது.

(ஈ) இத்தனை ரசீது கிழிக்க வேண்டும் என்று கணக்கு வைத்து அபராதம் போடுவதைத் தடை செய்ய வேண்டும்.

நான் அந்த வேலையிலிருந்து 20.01.2025 அன்றே நின்றுவிட்டேன். தொப்பியையும் விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

12. மனுவை முடித்து வைத்திருந்த நிலையில், சென்ற வியாழக்கிழமை விஸ்வநத்தத்திலிருந்து ரோஜா என்ற பெண் என்னைத் தேடி வந்தார். வெடிக்குத் திரி செருகும் வேலை பார்ப்பவர். அன்று மருந்து என்ற கூச்சல் ஓடைவரை பரவி எல்லாரும் ஓடியபோது ஓடாமல், ஓடையருகே திரு. புகழேந்தியின் தலையைத் தன் மடியில் வைத்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தவர் அவர்தான். பெரியவர் கடைசியாகப் பேசியதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், மகளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை என்றார். பெரியவர் மூச்சு வாங்க வாங்க அவரிடம் சொன்னது இது: "வண்டி யாருக்காவது இடைஞ்சலா நிக்குதான்னு பாத்துட்டு வாம்மா."

ஐயா, அந்த வண்டி யாருக்கும் இடைஞ்சலாக நிற்கவில்லை. அதை ஓடைக்குப் போய் அவரிடம் சொல்ல வேண்டியவன் நான்தான். அரசுக் காகிதத்திலாவது அப்படி எழுதிக் கொடுக்க உத்தரவிடுமாறு மிகவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

நாள்: 17.03.2025
இடம்: விருதுநகர்

இப்படிக்கு,
இ. சிவபாண்டி
(ஒப்பம்)

இணைப்பு: ரசீது எண் 1147-இன் அடிக்கட்டை நகல்.

நகல்: செல்வி பு. எழில், கும்பகோணம். (நேரில் கொடுக்க எனக்கு முகமில்லை. தங்கள் அலுவலகம் வழியாக அனுப்பித் தர வேண்டுகிறேன்.)